பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் அமானத்தும்

 

அல்லாஹுத்தஆலாவைப் புகழ்ந்து, அவனுடைய திருத்தூதர் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் சொல்லி, நம் வீடுகளில் அன்றாடம் நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றி இம்முறை உங்களோடு பேச விரும்புகிறோம். நம் சின்னஞ்சிறு பிள்ளைகளின் பள்ளிப் படிப்புதான் அது. பள்ளிக்கூடத்துக்குள் நடப்பதை உபாத்தியாயர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை வீட்டுக்குத் திரும்பிய பிறகு நடப்பதை, அல்லது நடக்காமற் போவதைப் பற்றியே நமது பேச்சு.

ஜுருவிலும், சிம்பாங் அம்பாட், புக்கிட் மெர்தாஜாம், பிறை பக்கங்களிலும் உள்ள நம் மக்களிடம், "பிள்ளையின் படிப்பு எப்படி?" என்று விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தாம் கிடைக்கும். "டியூஷனுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்பது ஒன்று. "எங்களுக்கு என்னங்க தெரியும்? மலாய்ப் பாடமும் இங்கிலீஷ் பாடமும் எங்களுக்கா விளங்கப் போகிறது?" என்பது மற்றொன்று. முன்னதைச் சொல்பவர் கொஞ்சம் வசதியுள்ளவர்; பின்னதைச் சொல்பவர் பெரும்பாலும் ஒரு தாய். இருவரும் செய்வதென்னவோ ஒன்றுதான். பிள்ளையின் படிப்பைக் கைமாற்றி விடுகிறார்கள். இவற்றுள் அந்தத் தாயின் பதிலே நமக்கு அதிக வருத்தம் தருகிறது. ஏனெனில், தம் கையில் இருப்பது இன்னதென்று அறியாமலே அவர் அதைக் கீழே வைத்துவிடுகிறார்.

நாம் ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பாளர், நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம் என்ற கருத்துள்ள ஹதீஸ் நம் எல்லாருக்கும் தெரிந்ததே. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள அந்த ஹதீஸில், வீட்டின் பொறுப்பு ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு என்று தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அந்தப் பொறுப்பு என்று அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஹிரா குகையில் முதன்முதலாக இறங்கிய வஹீ ஓதும்படியான கட்டளை என்பதை நம் மதரஸாப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்தக் கட்டளை யாருக்கு இறங்கியது? எந்த மனிதரிடத்தும் எழுத்துப் பயிலாத உம்மீ நபியவர்களுக்கு. அந்தத் திருக்குர்ஆனை அவர்கள் கேட்டும், ஓதியும், திரும்ப ஓதியுமே நெஞ்சில் நிலைநிறுத்தினார்கள். ரமலான் தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் இரவுகளில் வந்து, அதுவரை இறங்கியதை அவர்களோடு ஓதிப் பார்ப்பார்கள். வபாத்தான ஆண்டில் அது இரண்டு தடவை நடந்தது. அதே நாயகம் (ஸல்) அவர்கள், ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள் ஈட்டுப்பணம் கொடுக்க வகையில்லாதவர்கள், மதீனத்து அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெறலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். யுத்தத்தில் எதிர்த்து நின்றவர்களையே பிள்ளைகளுக்கு வாத்தியார் ஆக்கினார்கள்! படிப்பின் மீது அவர்களுக்கிருந்த அக்கறையை இதைவிட வேறு எப்படிச் சொல்வது?

இப்பொழுது மதீனாவில் ஒரு வீட்டைப் பார்ப்போம். அது உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் வீடு. அவர்கள் தம் மகன் அனஸுக்கு (ரலி), வாய் திருந்திக்கொண்டிருந்த வயதிலேயே கல்மாவைச் சொல்லச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார்கள். "என் பிள்ளையைக் கெடுக்கிறாயே" என்று கணவர் கோபித்தபோது, தாம் கெடுக்கவில்லை என்று பொறுமையாகப் பதில் சொல்லி, கற்பிப்பதை நிறுத்தாமல் நடத்தினார்கள். பிறகு பத்து வயதளவில் அந்தப் பிள்ளையை நாயகத்தின் ஊழியத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கில் ஹதீஸ் அறிவித்த ஸஹாபாக்களுள் ஒருவர் அந்த அனஸ் (ரலி). அந்த வித்தியாசாலையின் முதல் வகுப்பு தாயின் மடியில் நடந்தது.

அதே வீட்டில் அனஸுக்குத் தாய்வழியில் ஒரு சின்னத் தம்பி. அபூ உமைர் என்று செல்லமாக அழைப்பார்கள். அந்தக் குழந்தை ஒரு சிட்டுக்குருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. குருவி செத்துப்போயிற்று. நாயகம் (ஸல்) அவர்கள் அங்கே வந்தபோது குழந்தையின் முகம் வாடியிருக்கக் கண்டு, அதன் பேரைச் சொல்லி அழைத்து, குருவி என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். இவ்வளவுதான் சம்பவம். இந்தச் சின்ன ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக்காட்டி, ஷாஃபிஈ மத்ஹபின் பேராலிமான இப்னுல் காஸ் என்பவர் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். அந்த அறுபதுக்குள் நாம் போகப் போவதில்லை. இன்றைய பேச்சுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அரபு நாட்டு விவகாரங்களெல்லாம் தலைமேல் இருக்க, அந்தப் பெருமானார் ஒரு குழந்தையிடம் அதன் உள்ளத்தில் இருந்த விஷயத்தைக் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றார்கள்.

நாம் என்ன கேட்கிறோம்? பள்ளி வேனிலிருந்து இறங்கும் பிள்ளையிடம், "சாப்பிட்டியா? வீட்டுப்பாடம் இருக்கா? எத்தனை மார்க்கு?" இந்த மூன்றுக்கும் பிள்ளை ஒவ்வொரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியைத் தேடிப் போய்விடுகிறது. பேச்சு அங்கேயே முடிந்தது. இதற்குப் பதிலாக, "இன்றைக்கு டீச்சர் என்ன கதை சொன்னாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எலியும் பூனையும் என்று ஏதோ ஆரம்பிக்கும். "எலி ஏன் ஓடிச்சு? பூனைக்கு ஏன் தெரியாமப் போச்சு? நீயா இருந்தா என்ன செய்வே?" என்று தொடருங்கள். காலையில் காதில் விழுந்ததைப் பிள்ளை மறுபடி உள்ளத்தில் கூட்டி, வரிசைப்படுத்தி, வார்த்தையாக்கித் தரவேண்டியிருக்கிறது. அப்படி ஒருமுறை எடுத்துச் சொன்ன பாடம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. இதற்குத் தாய்க்கு மலாய் தெரிய வேண்டுமா? இங்கிலீஷ் தெரிய வேண்டுமா? பொறுமையாகக் காது கொடுக்கத் தெரிந்தால் போதும்.

கேள்வி கேட்டு இல்மைப் பெறுவது நம் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதுமல்ல. முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் தமிழ் இஸ்லாமிய நூல்களில் மிகப் பழையதான ஆயிரம் மசலா, 1572ஆம் ஆண்டு மதுரையில் வண்ணப்பரிமளப் புலவரால் அரங்கேற்றப்பட்டது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, நாயகம் (ஸல்) அவர்கள் விடை சொல்வதாகவே அந்நூல் அமைந்திருக்கிறது. அதன் பிறகு கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களைப் போன்ற பெரியோர்கள், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் மார்க்க நூல்களை இயற்றினார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்து, தமிழ் எழுத்து தெரியாதிருந்த நம் முன்னோர் வீட்டுப் பெண்கள், அந்த நூல்களைத் தாமே வாசித்துத் தம் மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத அந்த உம்மாமார்களும் நன்னிமார்களும், "எங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கி நிற்கவில்லை.

இனி பாஷையின் விஷயத்துக்கு வருவோம். இதில் நம்மவர் பலர் பெரிய குழப்பத்தில் இருக்கிறார்கள். பிள்ளை தேசியப் பள்ளிக்குப் போகிறது, ஆகவே வீட்டில் தமிழ் பேசினால் அதன் மலாய் கெட்டுவிடும் என்று எண்ணி, தமக்கே சரியாக வராத மலாயில் பிள்ளையோடு பேசுகிறார்கள். "மாகான்", "மண்டி", "தீடோர்" என்று, சாப்பாடு, குளிப்பு, தூக்கம் ஆகிய மூன்றோடு அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. கதை சொல்ல அந்தப் பாஷை பற்றாது. காரணம் கேட்க அந்தப் பாஷை பற்றாது. விளைவு யாதெனில், பிள்ளைக்குத் தமிழும் இல்லை, வீட்டிலிருந்து கிடைத்த மலாயும் அரைகுறை.

உண்மையில் நடப்பது என்ன? பிள்ளை முதலில் விஷயத்தை அறிகிறது. பிறகுதான் அதற்குப் பெயர் கற்கிறது. அம்மா இருபத்துநான்கு பணியாரம் சுட்டு, "ஆறு பேருக்கும் சரியாப் பங்கு வை" என்று பிள்ளையிடம் தட்டை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நான்கு என்று பிரித்து வைத்துவிட்ட பிள்ளைக்கு வகுத்தல் என்பது விளங்கிவிட்டது. நாளைக்கு வகுப்பில் உபாத்தியாயர் அதையே மலாயில் "பஹாகி" என்று சொல்லும்போது, தெரிந்த விஷயத்துக்கு ஒரு புதுப் பெயர், அவ்வளவே. பணியாரத்தைப் பங்கு வைத்தறியாத பிள்ளைக்கோ விஷயமும் புதிது, பெயரும் புதிது. இரட்டைச் சுமை! ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் 1953இலேயே, உலகத்துக் கல்விமான்களைக் கூட்டி ஆலோசித்து, பிள்ளைக்குப் படிப்பைத் தொடங்கத் தாய்மொழியே மிக ஏற்றது என்று ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

இப்படிச் சொல்வதால் மலாய் வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இந்நாட்டின் தேசிய மொழி. நம் அண்டை வீட்டாரின் மொழி. பள்ளிவாசலில் நாம் கேட்கும் குத்பாவின் மொழி. நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதற்காக ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தைப் பாதி மாதத்துக்குள் கற்று முடித்தார்கள் என்று திர்மிதியில் வருகிறது. பல பாஷை கற்பது நமக்கு சுன்னத்தான வழியே. சில வீடுகளில் தாய் மலாய்க்காரர். அந்தத் தாய்க்கு மலாயே சொந்த மொழி. அவர் அதிலேயே கதை சொல்லட்டும், தகப்பனார் தமிழில் பேசட்டும். நாம் கேட்டுக்கொள்வதெல்லாம், உங்களுக்கு எந்த மொழியில் கோபிக்கவும் கொஞ்சவும் துஆ கேட்கவும் வருகிறதோ அந்த மொழியில் பிள்ளையோடு நிறையப் பேசுங்கள் என்பதே.

பினாங்கில் தமிழ்ப் படிப்பின் வயதையும் நம்மவர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தோன்றியது. 1816இல் பினாங்கு ப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. இருநூறு ஆண்டுகளைத் தாண்டிய பாத்தியதை அது. தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் அதற்கு வழி இருக்கிறது. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், வசதிக்கு ஏற்பப் பள்ளியில் தமிழ் கற்பிக்க 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் தருகிறது. பதினைந்து கையெழுத்து! ஒரு கந்தூரிக்கு நூறு பேரைக் கூட்டுகிற நமக்கு இது ஒரு பெரிய காரியமா?

நேரத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறோம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது வைத்தியர்களின் முடிவு. காலை ஆறு மணிக்கு எழும் பிள்ளை இரவு ஒன்பதுக்குள் படுத்தால்தான் அதில் குறைந்த அளவாவது கிடைக்கும். பள்ளி, பிறகு கஃபா வகுப்பு, அதன் பிறகு டியூஷன் என்று அலைந்து வரும் பிள்ளைக்கு மிச்சம் இருப்பது மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரம். நம் முன்னோர் விளக்கேற்றி வைத்துப் பிள்ளைகளை ஓத உட்காரவைத்த அதே வேளை. அந்த ஒரு மணியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியை அணைத்து, பெரியவர்கள் உட்பட எல்லாருடைய கைத்தொலைபேசியையும் ஒரு தட்டில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, முதலில் குர்ஆன் ஓதட்டும். பிறகு ஒரு கால் மணி பள்ளிப் புத்தகம் வாசிக்கட்டும். தகப்பனார் தம் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டே, "நீ படி" என்று சொன்னால் பிள்ளை எதைப் படிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாசிக்க வைப்பது எப்படி? பிள்ளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வரியின் மேல் விரல் வைத்து, சத்தமாக ஒரு பக்கம் வாசிக்கட்டும். அது மலாய்ப் புத்தகமாயினும் சரி, இங்கிலீஷ் புத்தகமாயினும் சரி. முடித்ததும், "இதிலே என்ன சொல்லியிருக்கு? எனக்குத் தமிழிலே சொல்லு" என்று கேளுங்கள். சொன்னால் விளங்கியிருக்கிறது, விழித்தால் வெறும் எழுத்தைக் கூட்டியிருக்கிறது. பிள்ளைக்குப் பாடம் விளங்கியதா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி நமக்குத் தெரியவில்லை. அந்தப் பாஷை தெரியாத தாயார்தான் இதற்கு மிகப் பொருத்தம். உண்மையிலேயே அம்மாவுக்குத் தெரியாது, தான் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியும்! அப்படிச் சொல்லும்போது அந்த முகத்தில் தோன்றும் பெருமையைப் பாருங்கள்.

கணக்குக்குக் கடைச்சீட்டு ஒன்று போதும். 2008 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ஒரு காசு நாணயம் புழக்கத்தில் கணக்கில்லை; ரொக்கமாகக் கொடுக்கும்போது கூட்டுத் தொகையை ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறார்கள். 7 வெள்ளி 82 காசு 7 வெள்ளி 80 ஆகும். 7 வெள்ளி 83 காசு 7 வெள்ளி 85 ஆகும். ஏன் ஒன்று இறங்குகிறது, மற்றது ஏறுகிறது என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். பத்து வெள்ளி கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்றும் கேளுங்கள். கடைக்காரர்களான நம் சமூகத்துப் பிள்ளைகள் கணக்கில் பின்தங்குவது விசித்திரம்தான்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான பரீட்சைகள் 2019இல் நீக்கப்பட்டன. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021இல் எடுக்கப்பட்டது. மார்க்குப் பட்டியலை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் இதனால் திகைத்து, டியூஷனை இரட்டிப்பாக்கினார்கள். டியூஷன் ஹராமென்று நாம் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தேவையானால் அனுப்புங்கள். ஆனால், உங்கள் பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று மார்க்கைப் பாராமலே சொல்ல உங்களால் முடியுமா? கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக எழுதி வருகிறதா? கண்ணைச் சோதித்துப் பாருங்கள். மூளையைக் குறை சொல்லாதீர்கள். மற்றப் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கி வெகுநாளாகியும் எழுத்துக்கூட்டத் தடுமாறுகிறதா? ஆண்டு முடியும்வரை காத்திராமல் வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

அடியும் வசையும் வேண்டாம். பத்து வருஷம் நாயகத்தின் வீட்டில் ஊழியம் செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை ஒருமுறையேனும் "சீ" என்று சொன்னதில்லை, செய்ததை ஏன் செய்தாய் என்று கடிந்துகொண்டதுமில்லை என்று சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் ஒரு கூட்டல் தப்பினால், "மாமா மகனைப் பார், உனக்கு மண்டையிலே என்ன இருக்கு?" என்கிறோம். அந்தப் பிள்ளை அன்றைக்குக் கூட்டலைக் கற்பதில்லை. தப்பை மறைப்பது எப்படி என்பதைக் கற்றுக்கொள்கிறது.

தகப்பன்மார்களே! இதுவரை சொன்னதையெல்லாம் வீட்டம்மாவின் வேலை என்று ஒதுக்கிவிட்டு எழுந்துபோக வேண்டாம். திருக்குர்ஆனின் 31ஆம் அத்தியாயமாகிய ஸூரத்து லுக்மானில், பிள்ளைக்கு உபதேசம் செய்பவர் ஒரு தகப்பனார். இணை வைக்கலாகாது என்பதில் தொடங்கி, தொழுகை, பொறுமை, நடக்கும் நடை, பேசும் குரல் வரைக்கும் லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனோடு பேசுகிறார்கள். இடையிடையே "என் அருமை மகனே" என்ற பொருளில் அழைக்கவும் செய்கிறார்கள். கடுகளவு வினையும் பாறைக்குள் இருந்தாலும் அல்லாஹ் வெளிக்கொணர்வான் என்று சின்னப் பிள்ளைக்கு விளங்கும் உவமையாகச் சொல்கிறார்கள். அந்த உபதேசம் பணத்தால் ஆனதல்ல. மகனோடு உட்கார்ந்த நேரத்தால் ஆனது.

ஆனால் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பதும் நியாயமே. நாசி கண்டார் கடையில் நிற்பவர் வீடு திரும்ப நடுநிசி ஆகிறது. பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர் ஷிஃப்டு மாறிமாறிப் பிள்ளையின் முகத்தை உறங்கும்போதுதான் பார்க்கிறார். ஆகவே, கடை முதலாளிமார்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம். சிறு பிள்ளைகள் உள்ள வேலையாட்களுக்கு, வாரத்தில் ஒரு நாளாவது, முறைவைத்து, மஃரிபுக்கு முன்னே வீட்டுக்குப் போக விடுங்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரை அழைக்கும் நாளிலும் சம்பளம் பிடிக்காமல் இரண்டு மணி நேரம் கொடுங்கள். ஜகாத்தும் ஸதக்காவும் கொடுக்கத் தயங்காத கை, இதைக் கொடுக்கவும் தயங்காது என்று நம்புகிறோம்.

குடும்பத்தை இராமநாதபுரம் பக்கத்திலும் கடையநல்லூரிலும் விட்டுவிட்டு இங்கே தனியாக இருக்கிற சகோதரர்களுக்கும் வழி இருக்கிறது. தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறீர்கள் அல்லவா? பணம் வந்ததா, சாமான் வாங்கியதா என்று பேச்செல்லாம் வீட்டாரோடு முடிந்து, பிள்ளைக்கு ஒரு முத்தத்தோடு வைத்துவிடுகிறீர்கள். ஊருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு ஒன்பதரை ஆகும்போது அங்கே ஏழு மணிதான், பிள்ளை விழித்திருக்கும். முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "புத்தகத்தை எடு, இன்றைக்கு நடந்த பாடத்தை அத்தாவுக்கு வாசித்துக் காட்டு" என்று சொல்லுங்கள். பத்து நிமிஷம் கேளுங்கள். நாளைக்கு எந்தப் பக்கம் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.